அடுப்படியில் ஒரு துண்டு வெயில்

அய்யாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் சத்தியமான உண்மை. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் இருபத்தேழு வருசம் நைட் ஷிஃப்ட். ராத்திரியெல்லாம் நின்றபடி வேலை, காலையில் ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே படுக்கை. அறை ஜன்னலுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, அதற்கு மேல் ஒரு போர்வையையும் ஆணியடித்து வைத்திருந்தார். நைட் ஷிஃப்ட்காரன் வீட்டை அந்தத் தாமான் குடியிருப்பில் ஜன்னலைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிற்பதும் படுப்பதும் தெரியும், நடுவில் நாற்காலி என்று ஒன்று இருப்பதை மனுசன் கண்டுகொண்டதே இல்லை.

அறுபது முடிந்து ரிட்டையர் ஆகி மூன்று வாரம்தான். அதற்குள் வீடு தாங்கவில்லை. ஹாலுக்குப் போவார், வாசலுக்குப் போவார், கேட்டைத் திறப்பார், மூடுவார், ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே யாரையோ தேடுகிறவர் மாதிரி பார்ப்பார். அவர் சம்சாரம் பிரேமலா தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, அவர் வரும்போதெல்லாம் காலை மட்டும் ஒதுக்கிக்கொள்வார்.

திங்கட்கிழமை ஆலையிலிருந்து சூப்பர்வைசர் மூர்த்தி கூப்பிட்டார். "அண்ணே, ஒரு வருசம் கான்ட்ராக்ட் இருக்கு. நைட்டு மட்டுந்தான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள்ள நான் பேரு குடுக்கணும், வர்றீங்களா?"

அய்யாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே சரி என்றால் நன்றாக இருக்காதே என்று, "வெள்ளிக்கிழமை சொல்றேன் தம்பி" என்று கெத்தாக வைத்தார். பிரேமலாவிடம் விசயத்தைச் சொன்னார். அந்த அம்மா 'ம்' என்றதோடு சரி. அந்த 'ம்' தான் அவரைப் பிடுங்கித் தின்றது. போகாதீங்க என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல், நாலாவது தடவையாக அடுப்படிக்குள் போனபோதுதான் அதைப் பார்த்தார். பிரேமலாவின் மடிக்குப் பக்கத்தில், நறுக்கு பலகையின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெயில். லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதிலென்ன அதிசயம் என்பீர்கள். அந்த அடுப்படிக்கு வெயிலே வராது, அதுதான் அதிசயம். பின்பக்கம் தகரக் கூரை இறக்கியிருக்கிறார்கள், எதிரே பின்சந்தைத் தாண்டி அடுத்த வரிசை வீடுகள். பட்டப்பகலிலும் மசமசவென்றுதான் இருக்கும். பிறகு இது எங்கேயிருந்து வந்தது? அய்யாவு குனிந்து கையை நீட்டினார். வெயில் அவர் கையில் ஏறிக்கொண்டது. சூடாகக்கூட இருந்தது! அறுபது வயசு மனுசனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"என்ன இது பிரேமா?"

"வெயிலு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கத்தரிக்காயை எடுத்தார்.

பதினொன்று ஆவதற்குள் அது அலமாரிப் பக்கமாக நகர்ந்து, மெலிந்து, போயே போய்விட்டது. அய்யாவு அன்றைக்குச் சோற்றை என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை ஒன்பதரைக்கே காவல் நின்றார். வெயில் வந்ததும் பின்சந்துக்கு ஓடினார். எதிர்வீட்டு ரோலண்ட் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பெரிய சில்வர் தட்டு பளபளத்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று தோள் துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். ரோலண்ட் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"அலமாக்! என்னண்ணே, என் தட்டுக்குக் குளிருதா?"

"சும்மா இரு லா. எங்க அடுப்படியில வெயிலு விழுது. எங்கேருந்துன்னு பார்க்கிறேன்."

"வெயிலு விழுந்தா நல்லதுதானேண்ணே?"

"நல்லதுதான். ஆனா எங்கேருந்து?"

உள்ளே ஓடிப் பார்த்தார். துண்டு வெயில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. காரணம் தட்டு இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சாக்கைப் போட்டார். அதுவும் இல்லை. ரோலண்டின் மோட்டார் சைக்கிளைத் தள்ளிவைத்தார். ரோலண்டும் வேலைக்குக் கிளம்புகிறதை மறந்துவிட்டு, தன் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தார். இரண்டு வளர்ந்த ஆண்கள் சந்தில் ஓடிக்கொண்டிருக்க, பிரேமலா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. அய்யாவு கேட்டுக்கும் ஃபிரிட்ஜுக்குமாக நடந்தே அந்த நாளைத் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பதினோரு மணிக்கு மூர்த்தி கூப்பிடுவார். போவதென்று முடிவு செய்துவிட்டார், வேலைச் சட்டையைக்கூட எடுத்து வெளியே தொங்கவிட்டாயிற்று. ஆனாலும் மனசு அந்த வெயிலிலேயே கிடந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் போனால் ராத்திரி வேலையில் கை ஓடாது.

பத்தரைக்கு மேல் பிரேமலா சாமி கும்பிட்டு, வெள்ளிக்கிழமை வழக்கப்படி சாம்பிராணித் தட்டோடு வீடு முழுக்கப் புகை காட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். புகை சுருண்டு மேலே போனது. அப்போது, பாருங்களேன், அந்தப் புகைக்குள் வெயில் ஒரு கம்பு மாதிரி தெரிந்தது! நறுக்கு பலகையிலிருந்து நேராகக் கிளம்பி, ஜன்னல் வழியாக வெளியே போனது.

"நில்லு நில்லு! அசையாத! அந்தத் தட்டை அப்படியே புடி!" என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். கம்பு ரோலண்ட் வீட்டுக்குப் போகவில்லை. தொட்டிக்கும் போகவில்லை. அவர் சொந்த வீட்டு வேலிச் சுவருக்கே போனது. அங்கே துணிக்கொடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கைக்கண்ணாடி கம்பியில் தொங்கி, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் துண்டு போர்த்தினாரே, தன் வீட்டுச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரா மனுசன்!

"பிரேமா! இங்க கண்ணாடி இருக்கு! யாரு மாட்டுனது?"

"நான்தான்."

"எதுக்கு?"

பிரேமலா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். "காய் நறுக்கத்தான். லைட்டு போட்டா அறைக் கதவுக்கு மேல இருக்கிற ஓட்டை வழியா உங்க மூஞ்சியில அடிக்கும். நம்ம செல்லம் கைக்குழந்தையா இருக்கறப்ப ஒருநாள் போட்டேன். மனுசன் தூங்கணுமா சாகணுமான்னு கத்துனீங்க. அதுக்கப்புறம் பகல்ல போடல."

அய்யாவு அதை மறந்தே போயிருந்தார். அவர்கள் பிள்ளை செல்லத்துக்கு இப்போது இருபத்தாறு வயசு.

கண்ணாடிக்கு இரண்டு பக்கத்திலும் இன்னும் ஒவ்வொரு ஆணி இருந்தது. அவர் அவற்றைத் தொட்டுப் பார்த்தார். பிரேமலாவின் குரலில் ஒரு சின்னக் குஷி வந்தது, அய்யாவு அதுவரை கேட்காத குரல் அது.

"சூரியன் ஒரே எடத்துல வராதுங்க. தைப்பூசத்தப்ப அந்தக் கடைசியில வரும், அதுக்கு அந்த ஆணி. பங்குனிக்கு நடுவுல. ஜூன் மாசம் இந்தப் பக்கம் வந்துரும். அப்புறம் திரும்பிப் போகும், தீபாவளிக்கு மறுபடியும் பழைய ஆணி. யாரும் சொல்லித் தரல, நானா பார்த்து வச்சது. மொத வருசம் அதைக் கண்டுபிடிச்சப்ப எவ்வளவு சந்தோசம் தெரியுமா? உங்ககிட்ட சொல்லலாம்னு ஓடி வந்தேன். தூங்கிட்டு இருந்தீங்க."

அய்யாவு கண்ணாடியைப் பிடித்து அதன் ஆட்டத்தை நிறுத்தினார். நாலு நாளாக ஒரு துண்டு வெயிலுக்கு இப்படிக் குதித்தோமே, இவள் இத்தனை வருசமாகச் சூரியனையே கணக்குப் பிடித்து வைத்திருக்கிறாள், அதைக் கேட்க இந்த வீட்டில் ஒரு நாதி இல்லையே என்று வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

உள்ளே போன் அடித்தது. மூர்த்தி.

பிரேமலா ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினார். "பேசுங்க. இன்னும் ஒரு வருசந்தானே, கண்ணாடி இருக்கு, நான் பார்த்துக்கிறேன்."

அய்யாவு போனை வாங்கினார். "மூர்த்தி, நான் வரல."

"ஏண்ணே? வேற எடத்துல கெடைச்சிருச்சா?"

"இல்ல தம்பி. பகல்ல முழிச்சிருக்கணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று மூர்த்தி கேட்டார். அய்யாவு போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பினார். பிரேமலா சாம்பிராணித் தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைக்கூட மூடாமல், இத்தனை வருசத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் சந்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தார்.