டிரெஸ்ஸர் நீட்டிய குவளை

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன். அங்கே மருந்து கொடுத்தவரை டிரெஸ்ஸர் என்றுதான் அறிவேன். ஒல்லி உடம்பு, சாக்கில் தைத்த கால்சட்டை, அதிலும் மடிப்புக் கலையாது. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை வருவது நின்றுபோனதும் நிலவேம்பைக் காய்ச்சி, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும் எங்கள் வாயில் ஒரே தகரக் குவளையால் ஊற்றுவார். முதல் ஆளுக்கு ஊற்றியதும் தானும் ஒரு மடக்குக் குடிப்பார். கசப்பு தனக்கும் தெரியவேண்டுமாம்.

ஒருநாள் முதல் ஆளாக நின்றவள், குஷ்டத்தில் விரல் மடங்கிப்போன ஓர் அக்கா. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கடைசி வீட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டவள், காய்ச்சலில் நடுங்கினாள். அவளுக்கு ஊற்றிவிட்டு வழக்கம்போல் அவரும் குடித்தார். வரிசை கலைந்தது.

"டிரெஸ்ஸரய்யா, நீங்களும் அந்தக் கடைசி வீட்டுக்கே குடிபோயிடுங்க," என்றார் கங்காணி.

"போலாம்லா. அங்கதான் எடம் தாராளமா இருக்கு. இந்த நோய் குவளையில ஒட்டாது, கங்காணி. காய்ச்சல்தான் நம்மாளுங்கள வாரிக்கிட்டுப் போகுது."

அக்காவையும் என்னையும் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். நான் தள்ளி நின்று கேட்டேன்: "பயமா இல்லீங்களா?"

"கொஞ்சம் இருக்குப்பா. ஆனா இதக் குடிக்காமக் கீழ வச்சேன்னா இந்தம்மா நாளைக்கு வராது. காய்ச்சல்ல போயிரும்."

குவளையை என் பக்கம் நீட்டினார். குடிக்க நான் வாய் திறக்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு மேல் வெயில் ஏறியது. நீட்டிய கை தாழவில்லை.

"எனக்கே இன்னொரு மடக்கு ஊத்துங்கய்யா," என்றாள் அக்கா. "உங்களுக்குக் கை வலிக்கும்."

எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். அவர் எதிரே வாயை மூடி நின்ற இடத்தைவிட்டு மட்டும் என்னால் நகர முடியவில்லை.