மாத்திரைப் பெட்டியின் பூட்டு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, கேட்டவருக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. கேட்பது ஒருவருடைய உயிரைப் பற்றியது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தந்துவிட வேண்டும். நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த மனுக்களுக்கு முப்பதாவது நாள் மாலையில், அலுவலகம் பூட்டும் நேரத்தில் பதில் அனுப்பியவன். ஆகவே அது எங்கெங்கே செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். பெற்ற மகளிடம் செல்லாது.

என் மகள் கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. ஒரு முறை மேடையில் சொல்லித்தான் இவ்வளவும்.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்திரைத் திருவிழாவில் ஒரு மாலை பட்டிமன்றம் உண்டு. வழக்கமாக மாமியாரா மருமகளா என்று பேசி முடித்துவிடுவோம். இந்த வருடம் விழாக் குழுவுக்கு நாட்டைப் பற்றிய கவலை வந்துவிட்டது. டீக்கடையில், பேருந்தில், தொலைக்காட்சியில் எங்கும் அணு உலை விபத்துப் பேச்சாக இருந்தது. ‘அணு உலை: ஆக்கமா, அச்சமா?’ என்று தலைப்பு வைத்தார்கள். குழுத் தலைவர், ஏலக்காய் வியாபாரி, என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

“தாசில்தாரய்யா, நீங்க அச்சம்னு பேசணும்.”

நான் ஓய்வு பெற்றது துணை வட்டாட்சியராக. அரசு தராத பதவி உயர்வை ஊர் தந்திருக்கிறது.

“என் மக அங்கனதானய்யா வேலை பாக்குது.”

“அதுக்குத்தான் சொல்றேன். ஆக்கம்னு பேசுனா, மக சம்பளத்துக்குப் பேசுறாருன்னு சொல்லுவாக. அச்சம்னு பேசுங்க, பெத்தவரே பயப்படுறாருன்னு சனம் சாஞ்சிரும்.”

பட்டிமன்றத்தில் யாரும் தன் கட்சியைப் பேசுவதில்லை, கொடுத்த கட்சியைப் பேசுகிறார்கள். ஒத்துக்கொண்டேன்.

மேடையில் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகப் பேசினேன். விபத்து நடந்தால் சுற்றியுள்ள ஊர்களைக் காலி செய்யும் திட்டம் யார் பொறுப்பு, எந்தக் கோப்பு எந்த மேசைக்குப் போகும், கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் காற்று எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம். உண்மையில் எனக்கும் அந்தப் பயம் உண்டு. கோப்புகளின் வேகம் தெரிந்த எவனுக்கும் இருக்கும். ஆனால் சனம் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான், பொங்கலுக்கு வந்தபோது மகள் சொன்ன கதையை எடுத்து விட்டேன்.

அவர்கள் ஆண்டுதோறும் விபத்து ஒத்திகை நடத்துவார்கள். பக்கத்துக் கிராமத்தில் சங்கு ஊதி, எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்று அறிவித்ததும், ஊரே என்ன சத்தம் என்று பார்க்கத் தெருவுக்கு வந்துவிட்டது. கதிர்வீச்சு பாதிக்காமல் இருக்கக் கொடுக்கும் அயோடின் மாத்திரைகள் இருந்த பெட்டிக்குப் பூட்டு. சாவி வைத்திருந்தவர் மச்சினன் கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்தார். பூட்டை உடைக்க அனுமதி கேட்டு ஒருவர் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக் பிடித்துப் பழகியவனுக்குத் தெரியும், கைதட்டல் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். அச்சமே என்று தீர்ப்பு வந்தது. எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

மகள் சொன்ன கதை அதோடு முடியவில்லை. அந்தக் குறிப்பு எழுதி முடிவதற்குள் அவளே ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். அடுத்த ஒத்திகையில் மூன்று பேரிடம் சாவி இருந்தது. “ஒத்திகைங்கிறதே இதுக்குத்தாம்ப்பா. ஓட்டை எங்கன இருக்குன்னு பாக்க. பயமே இல்லைங்கிறவன் கையில உலையக் குடுக்கக் கூடாது” என்றாள். சொல்லிவிட்டு இலையில் இன்னும் கொஞ்சம் பொங்கல் வாங்கிக்கொண்டாள்.

யாரோ என் பேச்சைக் கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்ப, அது தேனி, மதுரை என்று சுற்றி, ஒரே வாரத்தில் அவளுடைய அலுவலகக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. உள் விஷயத்தை வெளியே சொன்னதற்கு அவளிடம் விளக்கம் கேட்டார்கள். அன்று மாலை கூப்பிட்டாள்.

“பாதியத்தான சொன்னீக. மிச்சப் பாதி எங்கப்பா?”

“மணி அடிச்சுட்டாகம்மா.”

“மணி அடிக்கல. நானும் பாத்தேன். கைதட்டுனாக.”

வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதெல்லாம் அவள் அம்மாவின் எண்ணுக்கு. நான் பக்கத்து அறையில் இருந்து, என் மனைவியின் “ம்”களை வைத்து மறுமுனையில் என்ன பேசியிருப்பாள் என்று ஊகித்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் தினமும் வேலை முடிந்து ஆறேகாலுக்கு என்னைத்தான் கூப்பிடுவாள். முதல் கேள்வி, “மேகமலை தெரியுதாப்பா?” நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மேகம் மூடியிருக்கு, பாதி தெரியுது, தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வெயில் அடிக்குது. அங்கே அவளுக்குக் கடல் மட்டும்தான். பேச்சு நின்ற பிறகும் ஆறேகாலுக்கு மாடிக்குப் போனேன். சில நாள் மலை அப்படித் தெளிவாக இருந்தது. கீழே இறங்கி வந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் முகம் கழுவினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். முதலில் திருத்தம். மனைவி கைபேசியைப் பிடிக்க, விட்ட பாதியைச் சொல்லி அதே குழுக்களுக்கு அனுப்பினேன். பூட்டை உடைத்த கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அடுத்தவருக்கு அனுப்பவுமில்லை. குழுத் தலைவரிடம் போய், அடுத்த விழாவில் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றேன். “தீர்ப்புச் சொன்ன கேஸுக்கு அப்பீல் கெடையாதுங்கய்யா” என்று சிரித்தார்.

மகளுக்கும் அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வேறு ஒன்றுமில்லை.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னது இது, ‘பொருள்: மன்னிப்புக் கோருதல் தொடர்பாக’? புள்ளைக்கு எழுதுறீகளா, கலெக்டருக்கா?”

“பழக்கம்.”

“மன்னிப்பெல்லாம் அவ ஏற்கெனவே குடுத்திருப்பா. ஒங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க.”

எனக்கு என்ன வேண்டும்? அன்றைக்கு மேடையில் ஊருக்காக அத்தனை கேள்வி கேட்டவன், எனக்கென்று இருந்த ஒன்றை யாரிடமும் கேட்டதில்லை. தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். ‘நிஜமாகவே ஒரு நாள் அந்தச் சங்கு ஊதினால், நீ எந்த வண்டியில் ஏறுவாய்?’ அவ்வளவுதான். தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது ஆறாவது பிரிவு. நானும் சொல்லவில்லை.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். ஆறாவது நாள் அட்டை அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கல்யாணம், பதவி உயர்வு எல்லாவற்றுக்கும் பிறகும் அவள் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்தைத்தான் போட்டிருந்தாள். அந்த அட்டையை எந்தக் கோப்பிலும் வைக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

நாற்பத்தெட்டு மணி நேரம் போனது. முப்பது நாளும் போனது. முப்பத்தோராவது நாள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது சட்டம். யாரிடம்? அவளுக்கு மேலதிகாரி அவள் அம்மா. அங்கேயும் வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தேன். “எழுதுவா. அவசரப்படுத்தாதீக” என்று மனு தள்ளுபடியானது.

கடைசியில் ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கோடு போட்ட நோட்டுத்தாள், ஒரே பக்கம்.

‘அப்பா, முதல் வண்டியில் பிள்ளைகள் போவார்கள். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள். வேலையில் இருக்கும் நாங்கள் ஏற மாட்டோம். உலையை அடக்கிக் குளிர வைக்கும் வரை உள்ளேதான் இருப்போம். இதைப் பொய்யாக எழுதலாமா என்று யோசித்துத்தான் இத்தனை நாள் ஆனது. பாதி மட்டும் சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். நான் வந்ததும் நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.’

இரண்டு முறை படித்தேன். மனைவியிடம் கடைசி இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டப் போனேன். வாயெடுத்தவன் நிறுத்தி, முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவள் தாளை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள். வரும் தபால் எதிலும் மேல் ஓரத்தில் பெற்ற நாளைக் குறிப்பது என் கைப்பழக்கம். பேனாவை எடுத்து எழுதினேன்: ஆவணி ஒன்பது, திங்கட்கிழமை.