வெள்ளிக்கிழமை செக்

எர்ணாவூரில் நாங்கள் மீன் பெட்டி செய்கிறோம். படகுக்காரர்கள் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி. மெஷின் என் கணவர் பொறுப்பு. பிளாஸ்டிக் குருணை வாங்குவதும் அதற்குப் பணம் கட்டுவதும் என் பொறுப்பு. அதாவது தூக்கம் அவருக்கு, படபடப்பு எனக்கு.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பெட்டிகளைச் செய்து அடுக்க வேண்டும். தடை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே நாளில் பெட்டி வேண்டும். அதுவரை வரவு கிடையாது, குருணை மட்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் தேதி தள்ளிப் போட்ட செக்கில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

குருணை தருபவர் ராயபுரத்தில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை வரவு என்றால் அவருக்கு முகமெல்லாம் பல். அவரைக் குளிர்விக்கத்தான், தடை முடிந்து வரும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேதியாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் படகுக்காரர் ஒருவர் எனக்குத் தர வேண்டிய பெரிய தொகை வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். செக் ஒரு முறை திரும்பினால் போதும், அப்புறம் ரொக்கம் வைத்தால்தான் அண்ணாச்சி மூட்டையை இறக்குவார். சீசன் நடுவில் மெஷின் நின்றுவிடும்.

அவர் படகு வியாழன் இரவுதான் கரைக்கு வந்தது. விடிந்ததும் ராயபுரத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் தூங்கி எழுந்து வெளியே வரப் பத்தரை மணி ஆகிவிட்டது.

"இன்னாக்கா, வெள்ளிக்கியமையும் அதுவுமா காசு கேட்டுகினு வந்துகிற? இன்னிக்கு கைய வுட்டுப் போச்சின்னா வாரம் பூரா தங்காது. நாளிக்கு வா, மொத்தமா வாங்கிக்கினு போ."

கழுத்தில் ஜெபமாலை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ராயபுரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வேதம். போனிலாவது அனுப்புங்கள் என்றேன். "போன்ல போனா மட்டும் அது காசு இல்லியா?" என்றார். பணம் உள்ளே பீரோவில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருமுனைக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். செக்கை ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

"பேங்கு தொறந்ததுமே போட்டாச்சே தாயி. வெள்ளிக்கிழமைல்லா!"

எனக்கு என் மேல்தான் ஆத்திரம். ஒருத்தர் வெள்ளிக்கிழமை வாங்க ஆசைப்படுவார், இன்னொருத்தர் அன்றைக்குக் கொடுக்கமாட்டார். இரண்டும் எனக்குத் தெரியும். குருணை விலை ஏறி இறங்குவதை எல்லாம் யோசித்தவள், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வருவதற்குள் போனைப் பத்து தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். பேங்குக்கு முன்னால் அடகுக்கடை. அவர்களுக்கு மட்டும் எல்லா நாளும் நல்ல நாள். இரண்டு வளையல்களையும் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினேன். வெள்ளிக்கிழமை வளையலைக் கழற்றக் கூடாது என்பது எனக்கும் தெரியும். பணத்தைக் கொண்டுபோய் என் கணக்கில் கட்டிவிட்டு, பேங்கு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சியே கூப்பிட்டார்.

"பணம் ஏறிட்டு தாயி. ராசியான கை உங்க கை! அடுத்த லோடுக்கும் வெள்ளிக்கிழமையே போட்டுருங்க."

அவர் சொன்ன கையைப் பார்த்தேன். வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"சனிக்கிழமைதான் போடுவேன், அண்ணாச்சி," என்றேன்.