வலப்பக்கம் யாருமில்லாத ஒரு படம்

ஐப்பசி மாதத்துக் காலை ஆறே முக்காலுக்கு எழும்பூரில் இறங்கினேன். திருநெல்வேலியிலிருந்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர். ஒரே ஒரு படம் எடுக்க இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்டார்கள். கல்யாணப் படம் எடுப்பவன் நான். நாலு மாதம் முன்பு எங்கள் ஊர் வரவேற்பு ஒன்றில் கச்சேரி நடந்தது. பாடியவரை நடுவில் வைத்து இருபது படம் எடுத்தேன். பக்கத்தில் வாசித்த வயலின்காரம்மாவின் வில் எல்லாவற்றிலும் விழுந்திருந்தது, ஆளைத்தான் காணோம். போன மாதம் அவரே கூப்பிட்டார்.

"நீங்கதானே என்னைப் பாதியா வெட்டினேள்?"

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவர் வேலை கொடுத்தார். "வெட்டினவாளே முழுசா எடுத்துக் குடுங்கோ."

அவர் பெயர் வைதேகி. மயிலாப்பூர். முப்பது வருடமாகப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம். இந்த மார்கழியில்தான் முதல் தனிக் கச்சேரி. அழைப்பிதழுக்கான படம் இன்று மாலை ஐந்துக்குள் சபாவுக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய குழுப் படத்திலிருந்து அவர் தலையை மட்டும் வெட்டிப் போட்டுவிடுவார்களாம்.

எட்டு மணி. நாள் முழுவதற்கும் ஆயிரத்து நானூறு ரூபாய் பேசி, டில்லி என்பவரின் ஆட்டோவில் மயிலாப்பூர் குளக்கரைக்குப் போனேன். வைதேகி அக்கா அரக்குப் புடவையில், வயலின் பெட்டியுடன் காத்திருந்தார். ஸ்டுடியோ வேண்டாம், தான் நடமாடுகிற தெருக்களே போதும் என்பது அவர் கட்டளை. பூக்கடை முன்னால் வயலினோடு நிற்கச் சொன்னேன். என் கணக்கு அங்கேயே தப்பியது. நம் கச்சேரி வயலின் தரையில் உட்கார்ந்து, நுனியைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பது. நின்றால் அதை என்ன செய்வதென்றே அக்காவுக்குத் தெரியவில்லை.

"இன்னா சார், மாமி பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி கீது" என்றார் டில்லி.

அக்கா முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டு, குளத்தங்கரைக் கட்டைச்சுவரில் ஏறிச் சம்மணமிட்டார். நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பால் வண்டிதான் நின்றது.

"நேரா என்னைப் பாருங்கக்கா."

"பாத்துண்டுதானே இருக்கேன்!"

மேடையில் பாடகர் அவருக்கு வலப்பக்கம் உட்காருவார். வில்லைத் தொட்டதும் கழுத்து தானாக அங்கே போய்விடுகிறது. திரையில் காட்டினேன். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

பதினொன்றரை. மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி தி.நகர். தீபாவளிக் கூட்டம். ஒரு துணிக்கடைப் படியில் அவரை உட்கார வைத்ததும் காவலாளி ஓடிவந்தார். "ஏம்மா, இங்கெல்லாம் உக்காரக் கூடாது. கஸ்டமர் வர்ற வழி."

நான் கெஞ்சுவதைக் கேட்டுக் கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை, அண்ணாச்சி."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அந்தம்மா நல்லா உக்காரட்டும்" என்று இரண்டு கலர் சோடாவும் வரவழைத்துக் கொடுத்தார். சென்னையில் எனக்கு என் பேச்சுதான் அடையாள அட்டை.

இந்தத் தடவை நான் தந்திரம் செய்தேன். பாடகர் உட்காரும் இடத்தில் நானே போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா இயல்பாகத் திரும்பினார். கண் மலர, லேசான சிரிப்போடு அருமையான முகம். ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நன்னாருக்கு. ஆனா யாரோ ஆரம்பிக்கட்டும்னு காத்துண்டிருக்கற மூஞ்சி இது. இதை அனுப்பாதீங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மூன்று மணி. அடையாறு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெருவோர மரத்தடியில் ஆட்டோவை நிறுத்தி, இருபக்கமும் படுதாவை இறக்கினோம். நாலு மணியாயிற்று, விட்டபாடில்லை. அக்கா போனில் அந்தப் பழைய குழுப் படத்தைத் தேடி எடுத்துவிட்டார்.

"சும்மா குந்திக்கினு கீறோம். ஒண்ணு வாசியேன் மாமி" என்றார் டில்லி.

அக்கா பின்சீட்டில் சம்மணமிட்டு வயலினை எடுத்தார். டில்லி ஒரு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். அவர் இருக்கையில் நான் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டேன். முன்கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் நேராக அக்கா முகத்தில் விழுந்தது. வில்லை வைத்தவர் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பினார். மூக்குக்கு முன்னால் ஈரப் படுதா. வில் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்து மோகன ராகத்தைத் தொடங்கினார்.

ஆறு படம்தான் எடுத்தேன். அதற்குமேல் கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலே முக்காலுக்குப் படம் சபாவுக்குப் போயிற்று. ஐந்து நிமிடத்தில் அங்கே அச்சு வேலை பார்க்கிறவரின் போன். அக்கா போனில் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"படம் ஜோரா வந்திருக்கு மாமி. வழக்கம்போல ஓரத்துல வெச்சுட்டேன். நடுவுல காலியா இருக்கு, பாடறவா படத்தையும் அனுப்பிச்சுட்டா முடிச்சுடலாம்."

நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று அக்கா கையைக் காட்டினார்.

"பாட்டு கெடையாது. அன்னிக்கு நான்தான் ஆரம்பிக்கறேன்" என்றார். "அந்த நடுவுல என்னைப் போடுங்கோ."