மெர்சி வயிற்றில் கேட்ட எஞ்சின்

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், சகுனம் என்று வாயைத் திறப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தூத்துக்குடியில் ஸ்கேன் டாக்டராக இருந்துகொண்டு, மந்திரித்த கயிறுகளை வயிற்றைச் சுற்றிக் கட்டி, ஜெல் தடவ இடமில்லாமல் வந்து படுக்கிற கூட்டத்தோடுதான் தினமும் மாரடிக்கிறேன்.

அன்று காலை தருவைகுளத்திலிருந்து மெர்சி என்ற ஏழு மாதக் கர்ப்பிணி அண்ணனோடு வந்தாள். புருஷன் சங்கு குளிப்பவன். படகில் ஓடும் கம்ப்ரசர் எஞ்சினிலிருந்து குழாயில் வரும் காற்றை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் கிடப்பான். அந்தக் குழாயை மச்சான்தான் பிடிக்க வேண்டுமாம், தங்கை தாலியாயிற்றே, கவனம் சிதறாதாம். இன்று வேறு ஆள் பிடிக்கிறான், சீக்கிரம் விடுங்கள் என்று அண்ணன் அரற்றினான். மச்சான் பிடித்தால்தான் காற்று வருமோ என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஒலியைத் திறந்தேன். ஸ்கேன் அலை நம் காதுக்கு எட்டாது. உள்ளே அசைகிற எதிலாவது பட்டுத் திரும்பும்போது அதில் வரும் மாற்றத்தைத்தான் மெஷின் சத்தமாக்கும், அசைவில்லாவிட்டால் சத்தமில்லை. நம்பினால் நம்புங்கள், அந்தத் துடிப்புக்கு அடியில் டக டகவென்று ஒரு எஞ்சின் ஓடியது. வயிற்றில் வைத்திருந்த புரோபை நகர்த்திப் பார்த்தேன், தெருவில் ஜெனரேட்டரா என்று எட்டிப் பார்த்தேன், மெஷினை விற்றவனைத் திட்டினேன். திடீரென்று அது நின்றது, குழந்தையின் துடிப்பு மட்டும் கேட்டது.

மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, அது எங்க போட்டு எஞ்சினு. நின்னுட்டு. எங்க அண்ணன கூப்பிடுங்க."

பைத்தியம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் கூப்பிட்டேன். அண்ணன் படகுக்குப் போன் போட்டு, "ஏலே, அவன மேல தூக்குல," என்றான். படகில் குழாயைப் பிடித்தபடி செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்த அந்த மகராசன் அப்போதுதான் எஞ்சின் நின்றதையே கவனித்திருக்கிறான். தூக்கினார்கள், மெர்சி புருஷன் பிழைத்துக்கொண்டான்.

தற்செயல் என்று எல்லோரிடமும் சொன்னேன். மெஷினைச் சோதித்தவனும் ஒரு கோளாறும் இல்லை என்றான்.

சில வாரம் கழித்து இன்னொரு சங்குக்காரன் மனைவி வந்து படுத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒலியை முழுதாகத் திறந்து, வேண்டுமென்றே நேரம் கடத்தினேன். குழந்தையின் துடிப்பு மட்டும்தான் கேட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தேன். அவள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவள் புருஷனைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். சாமியோ பேயோ, எந்தக் கழுதையாக இருந்தாலும், ஆள் பார்த்தா பேசும்?