பட்டனை விட்ட அத்தான்

அத்தானுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். விமானக் கம்பெனி என்று தொடங்கினால் பைலட்டா என்பார்கள். இல்லை என்றால் மெக்கானிக்கா என்பார்கள். அதுவும் இல்லை, ஒரு பட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆனால் உண்மை அதுதான். விமானங்களைப் பழுது பார்க்கிற ஹேங்கர் அது. தீப்பிடித்தால் அணைப்பதற்குக் கூரையிலிருந்து நுரை கொட்டும், ஆளையே மூழ்கடிக்கிற அளவுக்கு. சிக்கல் என்னவென்றால், தீயைக் கண்டுபிடிக்கிற கருவிக்குக் கொஞ்சம் அவசர புத்தி. ஒருமுறை கூரை ஒழுகி அதற்குள் தண்ணீர் இறங்கியதற்கே நுரை கொட்டித் தீர்த்துவிட்டது. தீயும் இல்லை, புகையும் இல்லை. இன்ஜின்கள் பாழானதுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டனை வைத்தார்கள். சைரன் அடித்ததும் அதை அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்வரை நுரை வராது. அதற்குள் சூப்பர்வைசர் வந்து பார்த்து, பொய் அலாரம் என்றால் வால்வை மூடிவிடுவார். கையை எடுத்தால் கொட்டிவிடும். அழுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டுமே? எலெக்ட்ரீஷியனாக இருந்து முதுகு ஒடிந்துபோன அத்தானைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயரே பட்டன்.

அக்கா இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பகல் முழுக்க ஈ ஓட்டிவிட்டு வந்தாலும், வீட்டில் அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். பிள்ளை குட்டி இல்லை. அவள் போன பிறகு மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரே ஒரு பாத்திரம். அதிலேயே முட்டை வேகும், அதிலேயே டீ கொதிக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். என்ன படம் அத்தான் என்று கேட்டால், டி.வி. பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. பார்க்கலாம்மா என்பதோடு சரி.

பட்டனைத் தவிர இன்னொரு வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். தீ ஒத்திகை நடக்கும்போது எல்லோரும் வெளியே புல்தரைக்கு வந்து நிற்பார்கள். ஆள் சரியா என்று கூப்பிட்டுப் பார்ப்பது அத்தான். ஒட்டடை, பெயின்டர், சின்ன மாப்பிள்ளை, டேங்க் என்று பட்டப்பெயரில்தான் கூப்பிடுவார். டேங்க் என்பவர் ஒல்லிக்குச்சி. விமானத்தின் இறக்கைக்குள் இருக்கிற எண்ணெய்த் தொட்டியில் புகுந்து வேலை செய்ய அவர் ஒருவரால்தான் முடியும். ஒவ்வொருவராக, "இருக்கேன்" என்பார்கள். கூப்பிடுகிறவர் தன்னையே கூப்பிட்டுக்கொள்ள மாட்டாரே. அதனால் அந்த வரிசையில் பட்டன் என்ற பெயர் வந்ததே இல்லை.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஹேங்கர் கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வெல்டிங் வைத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தைத் தீ என்று நினைத்துக்கொண்டது கருவி. சைரன் அலறியது. அத்தான் பட்டனை அழுத்தினார். மற்றவர்கள் தலை தெறிக்க வெளியே ஓடினார்கள், வெல்டிங் வைத்தவர் உட்பட.

தீ இல்லை என்று அத்தானுக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் வருவார் என்று காத்திருந்தார். அவர் வேலைக்குப் புதுசு. சைரன் நிற்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்ற விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புல்தரையிலேயே நின்றுவிட்டார். சைரனோ, அத்தான் கையை எடுக்கும்வரை நிற்காது. செல்போனுக்கு அங்கே அனுமதி இல்லை. அறைக்குள் இருந்த போனை எந்த மகராசன் மாட்டினானோ, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

போகட்டும், கொட்டட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் முதுகுக்குப் பின்னாலேயே வெளியே போகிற கதவு. ஆனால் ஓர் இறக்கைக்குக் கீழே, ஏணிப் பக்கத்தில், ஒரு ஜோடி ஷூ கிடந்தது. டேங்க் உள்ளே இருக்கிறார். தொட்டிக்கு வெளியே அவருக்குக் காவலாக நிற்க வேண்டிய ஆளும் ஓடிப்போயிருந்தான். அந்தச் சந்துக்குள் திரும்பக்கூட முடியாது, பின்பக்கமாகவே ஊர்ந்து வர வேண்டும். நுரை கொட்டினால் மூச்சுக்கு வழி இருக்காது.

அத்தான் பிடித்துக்கொண்டே நின்றார். விரல் மரத்துப்போனபோது உள்ளங்கையை வைத்தார். கை மரத்தபோது தோளைச் சாய்த்தார். கடைசியில் இறக்கையின் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. டேங்க் இறங்கினார். ஷூவைக்கூட எடுக்காமல், இந்தப் பக்கம் திரும்பியும் பாராமல் ஓடினார்.

திறந்திருந்த ஹேங்கர் கதவு வழியாகப் புல்தரை தெரிந்தது. அங்கே சின்ன மாப்பிள்ளை, அத்தான் கூப்பிடுகிற அதே வரிசையில் கூப்பிட்டு, ஓர் ஆள் குறைகிறது என்று பதறிப்போயிருந்தாராம். டேங்கைப் பார்த்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கணக்குச் சரியாகிவிட்டது.

"இனிமே என்னைத் தேடுவாங்கன்னு நின்னேன்மா," என்றார் அத்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது. "ரொம்ப நேரம் நின்னேன். யாரும் இந்தப் பக்கம் பாக்கவே இல்ல. சரின்னு விட்டுட்டேன்."

நுரை கொட்டியது. முதலில் டயர்கள் மறைந்தன, பிறகு ஏணி, பிறகு இறக்கை. சைரன் நின்றது. கண்ணாடியில் நுரை ஏறி ஏறி, அறையைச் சுற்றி வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அத்தான் வெளியே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இல்லையா அத்தான்?"

"பயமெல்லாம் இல்ல. வீட்டுல இருக்கற மாதிரிதான் இருந்துச்சு."

நான் டீ போட எழுந்தேன்.

பிறகு அவராகவே பின்கதவு வழியாக வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எல்லோரும் நுரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டடை திரும்பிப் பார்த்து, "பட்டன், பாத்தீங்களா இந்தக் கூத்தை?" என்றாராம், ஏதோ இவர் அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றதுபோல.

விசாரணை நடந்தது. ஏன் கையை எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, கை வலித்தது என்று மட்டும் சொன்னார். ஷூவைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் பட்டன் எப்போதுவரை அழுத்தப்பட்டிருந்தது என்பதை மெஷின் பதிந்து வைத்திருந்தது. டேங்க் வெளியே வந்து வெகு நேரம் கழித்துத்தான் அது விடுபட்டிருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னார். டேங்க் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். அன்றைக்கு அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நன்றி கெட்டவன் என்று நான் திட்டினேன்.

அடுத்த ஒத்திகை போன வாரம் நடந்தது. அத்தான் வழக்கம்போல் எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, சரி, உள்ளே போகலாம் என்றாராம். டேங்க் மட்டும் நகரவில்லை.

"பட்டன்?" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அத்தானுக்குப் புரியவில்லை. என்ன வேணும் என்று கேட்டிருக்கிறார். டேங்க் அசையாமல் நின்று, மறுபடியும் "பட்டன்?" என்றாராம். போகத் திரும்பியவர்களும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அத்தான் டி.வி.யை அணைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"இருக்கேன்."