தலையில் வந்த நாற்காலி

காலை ஒன்பதே கால். பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. ஏரிக்கரைமேல் முதலில் தெரிந்தவை நான்கு இரும்புக் கால்கள். வானத்தைப் பார்த்து நின்ற அந்தக் கால்கள் இடது பக்கம் சாய்ந்தும் நிமிர்ந்தும் முன்னேறின. கரை இறங்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் அவற்றுக்குக் கீழே ஒரு கவிழ்த்த நாற்காலியும், நாற்காலிக்குக் கீழே ஒரு சும்மாடும், சும்மாட்டுக்குக் கீழே என் அத்தையும் இருப்பது தெரிந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி வேர்க்கடலை போட்ட மேட்டு நிலங்களில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்களின் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த எங்கள் காலனிப் பெண்கள் அந்தக் கட்டடங்களுக்குக் கலவைச் சட்டி தூக்கப் போனார்கள். அத்தையும் போனாள். ஒருநாள் சாரம் முறிந்து, சட்டியோடு கீழே விழுந்தாள். மேஸ்திரி அவளை மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்றே வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். மாமா அதற்கு முன்பே ஆந்திராப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பாமல் இருந்தார். அப்பாதான் அவளைப் புத்தூருக்குத் தூக்கிப்போய்க் கட்டுப் போட்டு அழைத்துவந்தார்.

எலும்பு கூடிவிட்டது. இடுப்பு மட்டும் மடங்க மறுத்தது. நிற்கலாம், நடக்கலாம், தலையில் சுமை வைக்கலாம், உயரமான எதன்மேலாவது உட்காரலாம். தரையில் உட்கார முடியாது. கேட்பதற்குச் சின்னக் குறையாகத் தெரியும். எங்கள் காலனியில் உட்கார வேண்டுமென்றால் தரைதான். அத்தை கவிழ்த்த உரலின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்றப் பெண்கள் பாயில் இருக்க, அவள் சுவரோரம் நின்றபடி ஜெபித்தாள். பாதிரியாருக்கு மட்டும் அங்கே ஒரு நாற்காலி உண்டு.

விழுந்த கம்பெனியின் வாசலிலேயே அவள் பிழைப்பைத் தொடங்கினாள். அம்மா கூடமாட உதவ, விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் எடுத்துப்போய் கேட்டுக்கு எதிரே நிற்பாள். ரயிலில் வந்து இறங்கும் தொழிலாளர்களுக்கு அங்கே வேறு போக்கிடம் இல்லை. சிலர் அவள் யார் என்று கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பலர் சாப்பிட்ட பிறகு கேட்டார்கள். ஒரு மாதம் ஆனதும் யாரும் கேட்கவில்லை. அத்தை நல்ல கறுப்பு. என் நிறமும் அதுதான் என்பதால் எனக்கு அது ஒரு செய்தியாகவே பட்டதில்லை. ஊரில் அவளுக்குக் கரிக்கட்டை என்று பெயர். கம்பெனி வாசலில் கறுப்பக்கா.

“கறுப்பக்கா, இன்னிக்கி நாஷ்டா இன்னா?”

“நேத்து இன்னாவோ அதான். உனுக்கோசரம் பிரியாணியா செஞ்சினு வருவாங்க?”

இப்படித்தான் அவள் வியாபாரம் நடந்தது. மழை வந்தால் நின்றுபோனது. கூடைக்கு மேலே ஒரு கூரை இருந்தால் மழையிலும் நடக்கும். கேட்டுக்கு எதிரே இருந்த புறம்போக்கில் கொட்டகை போட்டுக் கடை நடத்தப் பஞ்சாயத்தின் லைசென்ஸ் வேண்டும். அத்தைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதே இடத்தில் டீக்கடை வைக்கத் தலைவரின் மச்சானும் கேட்டிருந்தார்.

அத்தையே அந்தப் பஞ்சாயத்தில் ஓர் உறுப்பினர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் ஆண்கள் நடுவே வந்து உட்காரமாட்டார்கள். காலனிக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டு தேவையையும் ஒரே உருப்படியில் முடித்துவிடலாம் என்று யாருக்கோ தோன்றியது. “பொம்பளைக்குப் பொம்பளையும் ஆச்சி, காலனிக்குக் காலனியும் ஆச்சி” என்று கிளார்க் சொல்லிச் சிரித்தாராம். கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூட்டம் முடிந்ததும் கிளார்க்கே சைக்கிளில் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு, இட்லியும் வாங்கிக்கொண்டு போவார்.

லைசென்ஸ் பேச்சு வருகிறது என்று தெரிந்ததும் அத்தை முதன்முறையாகக் கூட்டத்துக்குப் போனாள். உறுப்பினர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். ஒரு நாற்காலியில் தலைவரின் துண்டு இருந்தது.

“நாற்காலி பத்தல. அப்பிடிக் கீழ குந்தும்மா” என்றார் தலைவர்.

“கீழ குந்த வராது நைனா. இடுப்பு மடங்காது.”

“அப்ப நின்னுக்கோ. யாரு வேணான்னது?”

அன்று தெருவிளக்கு, குளத்து மீன் ஏலம், மாரியம்மன் திருவிழாப் பந்தல் எல்லாம் பேசப்பட்டன. அத்தை நின்றாள். லைசென்ஸை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வீட்டுக்கு வந்தவளின் இடுப்பு வீங்கியிருந்தது. சில நாள் கூடை தூக்க முடியவில்லை.

“உடு அக்கா, அது நமக்கு எதுக்கு? பேஜாரு” என்றார் அப்பா.

“நாற்காலி பத்தலன்னாங்க. ஒண்ணு எடுத்துனு போனா பத்தும்.”

“அக்கா, அவங்க பத்தலன்னு சொன்னது...”

“எனுக்குக் காது கேக்கும்டா.”

சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாளா, அப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கம்பெனியில் கழித்துப்போட்ட நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் வெல்டர் ஒருவர், கறுப்பக்காவின் இட்லிக்கு நன்றியாக, முறிந்த காலை ஒட்டவைத்து வெள்ளைப் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். அந்த நாற்காலிதான் அன்று ஏரிக்கரைமேல் வந்தது.

பள்ளிக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் மட்டுமே. ஆபீசுக்கு எதிரே இருந்த ஊர் டீக்கடை வாசலில் ஒருவர் அத்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பாத்து குந்து, பெயிண்டு ஒட்டிக்கப் போவுது. ஒட்டுனாலும் நல்லதுதான், கொஞ்சம் வெளுப்பே.”

“நான் வெளுத்துட்டா உனுக்கு அடையாளம் தெரியாம பூடுமே நைனா” என்று சொல்லிக்கொண்டே அத்தை நடந்தாள். டீக்கடையில் சிரித்தார்கள். அவள் பக்கமாகச் சிரித்தார்கள் என்று நான் நினைத்தேன்.

எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து ஆபீஸ் கூடம் முழுவதும் தெரியும், பேச்சும் கேட்கும். வாத்தியார் கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு அவரும் ஜன்னலோரம் வந்து நின்றுகொண்டார். அத்தை நாற்காலியை வரிசையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தாள். முந்தானையால் துடைத்தாள். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்கவில்லை. தலைவர் உள்ளே வந்தபோது எல்லோரோடும் எழுந்து, எல்லோரோடும் உட்கார்ந்தாள்.

தலைவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றும் கோபப்படவில்லை.

“புதுசா கீதே. எங்க புடிச்ச?”

“கம்பெனில கழிச்சுப் போட்டது நைனா.”

“நல்ல நாற்காலி” என்றார். சற்று நேரம் துண்டால் விசிறிக்கொண்டார். பிறகு ஆளைக் கூப்பிட்டார். “இன்னா புழுக்கம்டா இது. இந்த நாற்காலிங்கள எல்லாம் தூக்கி வெளிய போடு. ஜமக்காளத்த விரி. காத்தாட கீழ குந்திப் பேசலாம்.”

நாற்காலிகள் ஒவ்வொன்றாக வேப்பமரத்தடிக்கு வந்தன. ஜமக்காளம் விரிந்தது. தலைவர் முதலில் உட்கார்ந்தார். மீசைக்காரர்களும் வேட்டி மடிப்புக் கலையாதவர்களும் அவரைச் சுற்றிச் சம்மணமிட்டார்கள். அத்தையின் நாற்காலியை மட்டும் யாரும் தொடவில்லை. அது அவளுடைய சொந்த நாற்காலி. கூடத்தில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியும் அதுதான். அதில் என் அத்தை உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் அவள் காலடியில் இருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த சிநேகிதியின் விலாவில் இடித்தேன். “பாத்தியாடி? எங்க அத்ததான் தலைவரு.”

அப்போது வாத்தியார் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுக் கணக்கைப் போடச் சொன்னார். நான் பார்த்தது அவ்வளவுதான். இதற்குப் பிறகு நடந்தது, அத்தை அப்பாவிடம் சொல்லி, அப்பா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னது.

ஜமக்காளத்திலிருந்து ஓர் உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தார். “தலைவரே தரையில குந்தினு கீறாரு. நீ இன்னா மேல குந்தினு கால ஆட்டினு கீற?”

“ஆட்டல சாமி. நடுங்குது.”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார் தலைவர். “ஒடம்பு முடியாதவங்க. குந்தட்டும்.”

அதற்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. அத்தை எழுந்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லைசென்ஸ் பேச்சு வந்தது. தலைவர் மச்சானுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தைக்காகத்தான் பேசினார். நம் பஞ்சாயத்து உறுப்பினர், பாடுபட்டு விழுந்தவர், தரையில் உட்காரக்கூட முடியாமல் நாற்காலியைத் தலையில் சுமந்து வருகிறவர். அப்படிப்பட்டவரை நாள் முழுக்க அடுப்பருகே நிறுத்துவது பாவமில்லையா என்று கேட்டார். “நாளிக்கி ஒண்ணுன்னா பஞ்சாயத்துக்குத்தான் கெட்ட பேரு. அந்தம்மா ரெஸ்ட்டு எடுக்கட்டும்.” எல்லோரும் ஆமோதித்தார்கள். அவள் இடுப்பைப் பற்றி ஊரில் யாரும் அதற்கு முன் அவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

“ஒடிஞ்சது இடுப்பு நைனா” என்றாள் அத்தை. “இட்லி சுடறது கையி. கைக்கு ஒண்ணும் ஆவல.”

“வாய்க்கும் ஒண்ணும் ஆவலன்னு தெரியுது” என்றார் ஒருவர். கூடம் சிரித்தது.

ஒப்புக்கொள்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். அத்தையின் இரண்டு கைகளும் நாற்காலியின் முதுகில் இருந்தன. கிளார்க் ‘ஏகமனதாக’ என்று வாசித்தார். பெண் உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து கலந்துகொண்ட தீர்மானம் என்பதால் அதையும் சேர்த்து எழுதும்படி தலைவர் சொன்னார். இடம் மச்சானுக்குப் போயிற்று.

இது எதுவும் தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு நான் வீட்டுக்கு ஓடினேன். தெருவிலேயே அம்மாவிடம் கத்திச் சொன்னேன்: எல்லாரும் கீழே, அத்தை மட்டும் மேலே. அம்மா என் வாயைப் பொத்தினாள். “யார் யாராண்ட சொன்ன?” என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன் என்றேன். அம்மா கதவை உள்பக்கம் சாத்தினாள். எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சற்று நேரத்தில் அத்தை வந்தாள். நாற்காலியை இறக்கவும் விடாமல் கேட்டேன்.

“ஜெயிச்சிட்டியா அத்த?”

“ஒத்திப் போ. தண்ணி கொண்டா.”

சொம்பை இரண்டு கையாலும் பிடித்து நின்றபடியே குடித்தாள். ஜெயித்தவர்களுக்குத் தாகம் அதிகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்துக்குள் கேட்டுக்கு எதிரே கொட்டகை எழுந்தது. முன்பக்கம் பெஞ்சு, கண்ணாடி பீரோ, ஊதுபத்தி. புறம்போக்கில் லைசென்ஸ் இல்லாமல் விற்கிறாள் என்று அத்தையின் கூடையைக் காவலாளி அங்கிருந்து நகர்த்தினார். ஆனால் தொழிலாளர்கள் மச்சானின் இட்லியை ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே கறுப்பக்கா எங்கே என்று கேட்டார்கள். மச்சான் வியாபாரம் தெரிந்தவர். காலனித் தெருமுனை வரைக்கும் வந்து, உள்ளே வராமல், அங்கே நின்றபடி அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாளிலிருந்து அத்தை அங்கே கூலிக்குப் போனாள். முன்பக்கம் வரக்கூடாது. ஊர்க்காரர்கள் யாராவது டீ குடிக்க வந்தால் குரலும் கேட்கக்கூடாது.

ஒரு சனிக்கிழமை அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கமாகப் போகச் சொன்னார்கள். திரும்பி வந்து, அத்தையை அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

கடையின் பின்பக்கம், ஓலைத் தடுப்புக்குள், ஆட்டுக்கல் தரையில் இல்லை. அத்தை நின்றபடியே மாவாட்டுவதற்காக, இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, சிமெண்டு பூசி, அதன்மேல் வைத்திருந்தார்கள்.